கிழங்கு, கடந்த ஏழு நாட்களில்

கேள்வி எண் நாற்பத்தொன்று:
கடந்த ஏழு நாட்களில் இந்த வீட்டில்
உண்ணப்பட்ட கிழங்கு, வகைவாரியாக, கிராமில்.

அனுப்பானடியில் முதல் வீட்டுக்காரர்
கிராம் என்றதும் சிரித்துவிட்டார்.
"கொழம்புல கெடந்தத எப்பிடிய்யா நிறுக்குறது?
அரைக்கிலோ வாங்குனேன், பாதி அழுகல்."
அழுகலுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.
பனங்கிழங்குக்குத்தான் இல்லை.
'பிற' என்ற இடத்தில் ஏற்றினேன்.
அங்கே சிறுகிழங்கு முன்பே உட்கார்ந்திருந்தது.
ஷேர் ஆட்டோவில் மடியில் மடியாகப் போவதுபோல
இரண்டும் போயின.

தை பிறந்து ஐந்தாம் நாள் அது.
சேனை, கருணை, சேம்பு, சர்க்கரைவள்ளி:
தெரு முழுக்கச் சுண்டிய பொங்கல் குழம்பு.
டேப்லெட்டில் சிவப்பு எழுத்து. உடனே போன்.
"என்ன இருளப்பன், ஆளுக்கு நாலு கிலோ வருது,
ஒரு சைபர் கூட விழுந்திருச்சா?"
"தை மாசம் சார்."
"சரி சரி, சராசரியில அடிபட்டுரும்."
சராசரி நல்ல அம்மி,
பண்டிகையையும் பட்டினியையும்
ஒரே பதத்துக்கு அரைத்துவிடும்.

பயிற்சி வகுப்பில் ஒரு படம் போட்டார்கள்.
அறுபது வருஷத்து நாடு, இரண்டு கோடாக.
உருளைக்கிழங்குக் கோடு யானைமலை மாதிரி,
வால்பக்கம் தாழ்ந்து, தலைப்பக்கம் ஒரே ஏற்றம்.
மரவள்ளிக் கோடு நடந்து களைத்து
ஓரமாய்ப் படுத்துவிட்டது.
எங்கே போயிற்று என்று கேட்டேன்.
ஆலைக்குப் போனபிறகு அது கிழங்கில்லையாம்.
ஜவ்வரிசியாகி வந்து பாயசத்தில் மிதக்கும்போது
வேறு எண், வேறு பக்கம்.

நான்காவது வீடு ஒச்சம்மா.
கீழமாரட் வீதி குடோனிலிருந்து
ஆக்ரா மூட்டை நேராகப் போய் இறங்கும் ஓட்டலில்
நாளைக்கு ஐம்பது கிலோ அவித்து உரிக்கிறாள்,
மசால்தோசைக்கு, பூரிக்கு, போண்டாவுக்கு.

"உருளைக்கிழங்கு?"
"இல்ல."
"ஏழு நாள்ல ஒண்ணுகூடவா?"
"உரிச்சதக் கேக்குறியா, தின்னதக் கேக்குறியா?"
"தின்னது."
"அப்ப இல்ல. அந்த வாடை பட்டாலே கொமட்டுது."

வாசற்படியில் அவள் மகன்
ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.
உள்ளே பாதி காற்று.
"அது?"
"அது சிப்ஸு."
படிவமும் அவள் கட்சிதான்:
பொரித்து உப்பிட்டு அடைத்துவிட்டால்
கிழங்கில்லை. பக்கம் ஒன்பது.

சுழியம் போட்டேன்.
வருஷத்துக்குப் பதினைந்து டன்
இந்தப் பத்து விரல் வழியாகப் போகிறது.
சுழியத்தை அழுத்தும்போது
யானைமலையிலிருந்து
ஒரு கூழாங்கல் உருண்டதுபோல் இருந்தது.
இல்லை, அதெல்லாம் இல்லை.
அடுத்த கேள்வி வெங்காயம்.

கடைசியில் கருவி பெருவிரல் கேட்டது.
வைத்தாள். மீண்டும் முயலவும்.
சேலையில் துடைத்து வைத்தாள். மீண்டும் முயலவும்.
கொதிக்கக் கொதிக்க உரித்ததில்
கிழங்கோடு சேர்ந்து ரேகையும் உரிந்திருந்தது.
"ரேசன் கடையிலயும் இதே கூத்து.
போன மாசம் அரிசி போடல.
ஒன் பொட்டியில அத எங்கயாச்சும் எழுது."

தேடினேன்.
கிழங்கு வாங்கியதா, விளைந்ததா, இனாமா,
அதற்கெல்லாம் இடமிருந்தது.
இதற்கு இல்லை. அடியில் 'குறிப்பு', இருநூறு எழுத்து.
யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.
'வலது பெருவிரல் தேய்ந்துள்ளது' என்று எழுதினேன்.
அரிசியைப் பற்றியும் எழுதினேன்.
நூற்றுச்சொச்சம் எழுத்து மிச்சமிருந்தது.

தண்ணி லாரி ஹாரன் கேட்டதும்
குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்,
நான் உட்கார்ந்திருப்பதையே மறந்து.

பையன் ஒரு சில்லை நீட்டினான்.
வாங்கித் தின்றேன். இரண்டு கிராம் இருக்கும்.
எந்த வீட்டுக் கணக்கு இது என்று தெரியவில்லை.

ஐந்தாவது வீடு பூட்டியிருந்தது.